கத்திரி வளையம் படும் இடம்

முடி வெட்டிக்கொள்ளும்போது கண்ணை மூடிக்கொள்வது என் வழக்கம். தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். அன்றைக்குப் பேச யாரும் இல்லை. பார்லரில் நானும் சின்னவளும் மட்டும்தான். பின்கழுத்து முடியைத் தூக்கிப் பிடித்து அவள் கத்திரியை வைத்தாள். கத்திரியின் குளிர்ச்சியை அடுத்து, உப்புக்கல் ஒன்று உருண்ட மாதிரி சொரசொரவென்று என்னவோ என் பிடரியில் உரசியது.

அந்த உரசல் எனக்குப் பல வருஷப் பழக்கம். ஆனால் அது சின்னவளுடையது இல்லை, அவளுடைய அக்காவுடையது. அந்த அக்கா போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலமே கழிந்துவிட்டது.

கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தேன். வலது கை, மோதிர விரல், நடுக்கணுவை ஒட்டி உட்பக்கமாக ஒரு மரு. சாம்பல் நிறத்தில், பூக்கோசுத் துணுக்கு மாதிரி வெடித்து, நடுவில் கறுப்பாய்ப் புள்ளி புள்ளியாக. பெரியவளுக்கு இருந்த அதே விரலில், அதே பக்கத்தில்.

"என்னடி அது விரல்ல?"

"எது மாடி அக்கா?" என்று சொல்லிக்கொண்டே விரலை மடக்கிக்கொண்டாள். மடக்கிய விரலோடு எப்படி முடி வெட்டுவது? அன்றைக்கு என் தலை ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. எனக்கு வேறு யோசனை வந்துவிட்டிருந்தது.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த பக்கம் பார்லர். அதற்குப் பின்னால் ஓர் அறை, ஒரு சமையலறை, வீடு அவ்வளவுதான். அதற்கு நேர் மேலே நான். பார்லரின் புகைபோக்கி விசிறி என் சமையலறை ஜன்னலுக்குக் கீழேதான் வாய் திறக்கிறது. சூடான முடி வாசனையும் ஷாம்பு வாசனையும் அதன் வழியாக வரும். கூடவே பேச்சும் வந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? காதை அடைத்துக்கொண்டா சமைக்க முடியும்?

அக்கா தங்கை இரண்டு பேருக்கும் கட்டடத்தில் வைத்த பெயர் பெரிய கத்திரி, சின்னக் கத்திரி. உண்மையில் கத்திரி பிடித்தவள் பெரியவள் மட்டும்தான். சின்னவளுக்குத் தலை அலசுவது, புருவம் திருத்துவது, நகம் பூசுவது. பெரியவள் தன் கத்திரியை யாரையும் தொட விடமாட்டாள். அவள் விரலில் இருந்த மரு கத்திரியோடு சேர்ந்தே வளர்ந்தது. யாராவது கேட்டால், "இது என் பார்ட்னர். லாபத்துல பங்கு கேக்காது, லீவும் கேக்காது" என்பாள். வைத்தியம் பார்க்க நேரமில்லை. வலிக்கவும் இல்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

அவளுடைய மகளை நாங்கள் வாண்டு என்போம். மற்ற பிள்ளைகள் கட்டைவிரல் சூப்பித் தூங்கும். வாண்டுக்கு அம்மாவின் விரலில் இருந்த அந்த மருவைத் தடவினால்தான் தூக்கம் வரும். பள்ளிக்கூடம் போகிற வயது வந்தும் விடவில்லை. மத்தியானம் வந்ததும் முக்காலியைப் போட்டுக்கொண்டு அம்மாவின் நாற்காலிப் பக்கம் உட்காரும். ஒரு தலை முடிந்து அடுத்த தலை வருகிற இடைவெளியில் பெரியவள் கையைத் தொங்கவிடுவாள். பிள்ளை வீட்டுப்பாடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அந்த விரலைக் கண்டுபிடித்துத் தடவும். தகப்பன் சரக்குக் கப்பலில் வேலை. வரும்போது கொண்டுவருகிற சாக்லேட்டைவிட அவர் தங்குகிற நாள் குறைச்சல்.

பெரியவளுக்கு வந்த நோய் அவசரக்காரி. நுரையீரல் என்றார்கள், ஆஸ்பத்திரி என்றார்கள், இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கடையை மூடினால் வருகிறவர்கள் அடுத்த தெருவுக்குப் பழகிவிடுவார்கள் என்று சின்னவள்தான் முதன்முறையாக அந்தக் கத்திரியை எடுத்தாள். முன்னால் கத்திரிச் சத்தம், பின்னால் இருமல் சத்தம். இரண்டும் எனக்கு மேலே கேட்கும்.

ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. மீதியை நான் திறந்தேன். பெரியவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அந்நேரம் பேசத் தெம்பில்லை. வலது கையைத் தங்கையின் பக்கம் நீட்டினாள். பிடித்துக்கொள் என்று கேட்கிற நீட்டல். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. சின்னவள் அந்தக் கையைப் பார்த்தாள், அந்த விரலைப் பார்த்தாள். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு அந்த மருவைக் கண்டால் உடம்பு கூசும். பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து, அக்காவின் கையை அதனால் சுற்றித் துடைத்து, போர்வைக்குள் வைத்துவிட்டாள்.

"உள்ள இருக்கட்டுங்க்கா. குளிரும்."

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். அப்புறம் கதவில் நின்ற என்னைப் பார்த்தாள். அடுத்த வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் பார்த்தது சின்னவளுக்குத் தெரியும். அதனாலேயே அதற்கப்புறம் அவள் என்னிடம் தன் விரலைத் தவிர வேறு எதையும் மறைக்கச் சிரமப்பட்டதில்லை.

இப்போது அதே விரலில் அதே மரு. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன், அதுவும் ஒரு யோசனை கேட்பதற்காக. அவளுக்கு வாயில் பூட்டு கிடையாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலத்துக்குள், பெரிய கத்திரி திரும்பி வந்து தங்கச்சி கையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கட்டடமே பேசியது.

பேசுவதற்குத் தோதாகப் பார்லரும் நடந்துகொண்டது. பெரியவளின் நாற்காலியைச் சின்னவள் துடைத்து அப்படியே வைத்திருந்தாள், யாரையும் உட்கார விடுவதில்லை. அது மிதித்தால் உயர்கிற நாற்காலி. எண்ணெய்க் குழாயில் எங்கேயோ கசிவு. காலையில் உயர்த்தி வைத்தால் மத்தியானம் போலப் பெருமூச்சு விட்டுக்கொண்டு மெல்லக் கீழே இறங்கும், யாரோ வந்து உட்கார்ந்தது மாதிரி. கசிவு என்று தெரிந்தவர்கள்கூட அந்தச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். நானும்தான்.

சின்னவள் நகவெட்டியால் அந்த மருவை வெட்டி எடுத்தாள். அத்தனை சின்ன இடத்தில் அவ்வளவு ரத்தமா என்று எனக்கே மயக்கம் வந்தது. காயம் ஆறியது. ஆறிய இடத்தில் மறுபடி முளைத்தது, பக்கத்தில் இரண்டு குட்டிகளோடு. அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு வெட்டினாள். கத்திரி வழுக்கி ஒரு அம்மாளின் காதைக் கீறிவிட்டது. அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை, தன் இரண்டு மருமகள்களையும் அனுப்பவில்லை.

ஆனால் எனக்குப் பொறுக்காதது வேறு ஒன்று. காலையில் வாண்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக அவர்கள் தெருவைக் கடப்பதை நான் பால்கனியிலிருந்து பார்ப்பேன். முன்பெல்லாம் கையைக் கோத்துக்கொண்டு போவார்கள். இப்போது சின்னவள் தன் தோள்பையின் வாரைப் பிள்ளையிடம் கொடுத்திருந்தாள். வாரின் ஒரு முனையில் சித்தி, மறுமுனையில் பிள்ளை. வண்டிகளுக்கு நடுவே இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் படாமல் கடந்துபோனார்கள்.

அந்த வாரம்தான் வாண்டின் தகப்பன், அந்தக் கப்பல்காரரின் அக்காவிடமிருந்து போன் வந்தது. லீவு விட்டதும் பிள்ளையைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன், அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்றாளாம். சின்னவள் சரி என்றுவிட்டாள். விசிறி வழியாகப் பாதிதான் கேட்டது. மீதிக்கு நான் இறங்கிப் போனேன்.

"ஏண்டி, பெத்தவ மாதிரி பாத்துக்கறேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னியே. இப்ப பார்சல் கட்டறியா?"

அவள் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அக்கா என்னை விடமாட்டேங்கிறா. நான் பிடிக்காத கையை என் கையிலயே கொண்டுவந்து வெச்சுட்டா. நான் தூங்கும்போது யாரோ இந்த விரலைத் தடவறாங்க மாடி அக்கா. நல்லாத் தெரியுது. முழிச்சுப் பாத்தா யாரும் இல்ல. பிள்ளை சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கு."

என் கையை நான் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். ஆனாலும், கனவாயிருக்கும் என்றேன்.

"கனவாவே இருக்கட்டும். இதைத் தொட்டா பிள்ளைக்கும் ஒட்டும். தொடாம ஒரு பிள்ளையை வளக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

 ஒட்டுமா ஒட்டாதா என்று டாக்டரிடம்தானே கேட்கவேண்டும். மறுநாளே அவளைத் தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். வாண்டை அத்தனை நேரம் தனியாக விடமுடியாது என்று அதையும் கூட்டிக்கொண்டோம். உங்களுக்கு என்ன உபத்திரவம் என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். துணைக்கு வந்தேன் என்றேன். என்னை வெளியே உட்காரச் சொல்லலாமா என்று அவர் யோசித்தது தெரிந்தது. நான் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டேன்.

விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, இது சாதாரண மருதான் என்றார் அவர். ஒரு வைரஸ், தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் அதன் வழியாக நுழைந்துவிடும், நுழைந்து பல மாதம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் வெளியே தலைகாட்டும் என்றார். கறுப்புப் புள்ளிகள் கண்ணும் இல்லை வேரும் இல்லை, சின்ன ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொண்டு அப்படித் தெரிகிறது. வெட்டியதும் கிள்ளியதும்தான் அக்கம்பக்கத்தில் விதைத்துவிட்டது. என்ன வேலை என்று கேட்டார். சின்னவள் பையிலிருந்து கத்திரியை எடுத்தாள். தூரமாகப் போனால் அதை விட்டுவிட்டுப் போவதில்லை அவள். பிடித்துக் காட்டுங்கள் என்றார். கட்டைவிரல் ஒரு வளையத்தில், மோதிர விரல் மறு வளையத்தில். வளையத்தின் விளிம்பு பாத்திரத்தில் மூடி உட்கார்ந்த மாதிரி அந்த மருவின்மேல் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா? வளையம் படற இடத்துல தோல் தேயுது. நாள் முழுக்கக் கை ஈரத்துல இருக்கு. அது உள்ள வர்றதுக்கு இது போதும். உங்க அக்காவும் இதே கத்திரிதானே?"

"அப்போ இது... எங்க அக்கா இல்லையா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"உங்க அக்கா கிட்ட இருந்த வைரஸா இருக்கலாம். கத்திரியில இருந்து வந்திருக்கலாம், துண்டுல இருந்து வந்திருக்கலாம். வைரஸ் மட்டும்தாம்மா."

மேலே பிளாஸ்டர் போட்டு மூடிக்கொண்டால் வேலையும் செய்யலாம், பிள்ளையின் கையையும் தாராளமாகப் பிடிக்கலாம், துண்டை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கத்திரி வளையத்தை நன்றாகக் கழுவுங்கள் என்று அவர் சொன்னார். நான் கேட்டேன். ஆனால் சின்னவளின் காதில் ஒட்டும் என்கிற பாதி மட்டும் விழுந்திருக்க வேண்டும். வாண்டு பரிசோதனைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அது எந்தப் பாதியைக் கேட்டது என்று அப்போது யாரும் கவனிக்கவில்லை.

மருந்து ஒரு சின்னப் பழுப்பு பாட்டில். மூடியிலேயே பிரஷ். தினமும் விரலை வெந்நீரில் ஊறவைத்து, மேலே செத்த தோலை நகம் தேய்க்கிற ஒரு ஃபைலால் தேய்த்து எடுத்துவிட்டு, மருவின்மேல் மட்டும் படும்படி பூசவேண்டும். காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். அந்த ஃபைலை வேறு எதற்கும் தொடக்கூடாது. வாரக்கணக்கில் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகலாம், நடுவில் விட்டுவிடக் கூடாது. அவசரம் என்றால் குளிர்வைத்து உறையவைக்கும் முறையும் உண்டு, அது வலிக்கும், அதற்கும் இரண்டு மூன்று தடவை வரவேண்டும் என்றார். சின்னவள் பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

முதலில் நன்றாகத்தான் போனது. வெள்ளையாகப் படிந்தது, உரிந்தது, மரு கொஞ்சம் தட்டையானது. குட்டிகளில் ஒன்று காணாமலே போய்விட்டது. சின்னவள் சிரித்ததைக்கூட ஒருநாள் பார்த்தேன். அப்புறம் நின்றுவிட்டது. நின்றது மட்டுமில்லை, தட்டையான இடம் மறுபடி எழும்பியது. அவள் ஒருநாளும் தவறவில்லை. எனக்குத் தெரியும், விசிறி வழியாக வெந்நீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். ஒழுங்காகப் பூசுகிறாள், அது ஒழுங்காக வளர்கிறது.

"நான்தான் சொன்னேனே மாடி அக்கா. டாக்டருக்கு அக்காவைத் தெரியாது."

இன்னொரு சமாசாரமும் சேர்ந்துகொண்டது. மத்தியானங்களில், வாண்டு பின்னறையில் தூங்குகிற நேரத்தில், சின்னவள் பொருள் வாங்கக் கடைத்தெருவுக்குப் போவாள். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், விளக்கு அணைந்திருக்கும். அந்த நேரத்தில் கீழேயிருந்து எனக்குக் கத்திரிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சிக், சிக், சிக் என்று நிதானமாக. முடி இல்லாமல் காற்றை மட்டும் வெட்டினால் கத்திரிக்கு ஒரு வறண்ட சத்தம் உண்டு, அந்தச் சத்தம். நான் பயந்தவள் இல்லை. பின்படி வழியாக இறங்கிப்போய்க் கதவிடுக்கில் பார்த்தேன். இருட்டு. பெரியவளின் நாற்காலியின் முதுகு மட்டும் தெரிந்தது. சத்தம் அதிலிருந்துதான் வந்தது. அப்புறம் நாற்காலி பெருமூச்சு விட்டுக்கொண்டு ஓர் அங்குலம் இறங்கியது. கண்ணாடியில் யார் தெரிகிறார்கள் என்று எட்டிப் பார்த்திருக்கலாம். அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்துவிட்டது. நான் அன்றைக்குப் பால் வாங்கவே இல்லை என்பது படியேறி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இதை நான் சின்னவளிடம் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீவு வந்தது. மறுநாள் அத்தைக்காரி வருகிறாள். வாண்டின் சட்டைகளை அடுக்க என்னிடம் ஒரு பெட்டி கேட்டு சின்னவள் மேலே வந்தாள். மருந்துபோடும் வேளை என்று பாட்டிலையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, குனிந்து, பிரஷால் அத்தனை அக்கறையாகப் பூசினாள். நான் பெட்டியைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த மரு பளபளவென்று மின்னியது. காய்ந்த பிறகும் மின்னியது.

"வெள்ளையாப் படியும்னுதானே டாக்டர் சொன்னாங்க? இது என்னடி, விசேஷத்துக்குக் கிளம்பின மாதிரி ஜொலிக்குது?"

பாட்டிலைப் பிடுங்கி முகர்ந்தேன். இந்த வாசனை எனக்குத் தெரியாதா? சுண்டுவிரல் நகத்தில் ஓர் இழுப்பு இழுத்தேன். கண்ணாடி மாதிரி காய்ந்தது. பார்லரில் நகத்துக்குக் கடைசியாகப் பூசுவார்களே நிறமில்லாத பாலிஷ், அதுதான். இத்தனை நாளும் அந்த மருவை அவள் கண்ணும் கருத்துமாக அலங்காரம் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

சின்னவள் பாட்டிலையே பார்த்தாள். தினமும் நூறு பாட்டில் திறந்து மூடுகிற கை அவளுடையது. அந்த வாசனையிலேயே ஊறிய மூக்கு. அதனால்தான் அவளுக்குத் தெரியவில்லை. வீடு முழுக்க வீசுகிற வாசனை ஒரு பாட்டிலிலிருந்து வந்தால் யாருக்கு உறைக்கும்?

"யாரு மாத்தினது?" என்றாள் மெதுவாக.

நான் பதில் சொல்வதற்குள் கீழே சத்தம் கேட்டது. சிக். சிக். சிக்.

அவள் பக்கத்திலிருந்த பையைத் தொட்டுப் பார்த்தாள். கத்திரியை, கடைத்தெருவுக்குப் போகும்போது செய்வது மாதிரி, கீழேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அக்கா" என்றாள். என்னைக் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தடவை அவள் முன்னால் போனாள், நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பின்கதவு, இருட்டு, நாற்காலியின் முதுகு. அவள் நேராக நடந்துபோய் விளக்கைப் போட்டாள். கண்ணாடியில் பெரியவளின் முகம் தெரிந்தது. சத்தியமாக அப்படித்தான் தெரிந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துத்தான் அது வாண்டு என்று புரிந்தது. தாயின் நெற்றி, தாயின் வாய். கண்ணை மூடிக்கொண்டு, கத்திரி வளையத்துக்குள் மோதிர விரலை விட்டு, காற்றை வெட்டிக்கொண்டிருந்தது. பெரிய வளையம், சின்ன விரல். விளிம்பு உரசி உரசிக் கணுவுக்குப் பக்கத்தில் தோல் சிவந்து உரிந்திருந்தது.

சின்னவள் கத்திரியைப் பிடித்து நிறுத்தினாள். என்ன செய்கிறாய் என்று கேட்டாள். பிள்ளை பயப்படவில்லை. பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னது.

"வளையம் படற இடத்துல வரும்னு டாக்டர் சொன்னாங்க."

"என்ன வரும்?"

"அம்மா விரல்ல இருந்தது. நாளைக்கு அத்தை வீட்டுக்குப் போயிட்டா உன் விரல் இருக்காதுல்ல சித்தி. எனக்குன்னு ஒண்ணு வேணும்."

மருந்து எங்கே என்று நான்தான் கேட்டேன். கழுவுகிற தொட்டியில் ஊற்றிவிட்டு, பாட்டிலில் பாலிஷை நிரப்பி வைத்ததாம். மருந்து போட்டால் அது போய்விடும் என்றது. சித்திதான் தொடவே விடுவதில்லையே, அப்புறம் அது இருந்தென்ன போயென்ன என்று கேட்டேன். தூங்கும்போது தடவுவேன், சித்தி அசைந்தால் திரும்பிப் படுத்துக்கொள்வேன் என்றது. அப்புறம் சித்தியைப் பார்த்து, "நீ பிடிக்க விடாட்டியும் பரவால்ல. அது இருந்தாப் போதும்" என்றது.

சின்னவள் பிள்ளையின் விரலிலிருந்து வளையத்தை மெதுவாகக் கழற்றினாள். தரையில், வெட்டிய முடி ஒட்டியிருந்த தரையில், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை.

"உங்க அம்மா கடைசியில என்கிட்ட கையை நீட்டினா. நான் பிடிக்கல. துண்டுல துடைச்சு போர்வைக்குள்ள வெச்சுட்டேன்."

"தெரியும்" என்றது வாண்டு. "அம்மா சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"உங்க சித்திக்கு இன்னும் இதைக் கண்டா பயம்னு சொன்னாங்க. சிரிச்சாங்க. சிரிச்சதுல இருமல் வந்துடுச்சு."

சின்னவள் கையிலிருந்த கத்திரியைத் தரையில் வைத்தாள். அப்புறம் பூசிப் பளபளத்த அந்த விரலோடு வலது கையைப் பிள்ளையிடம் நீட்டினாள். ஏற்கனவே ஒட்டியிருந்தால் ஒட்டியிருக்கட்டும், பிளாஸ்டர் ஒன்று போட்டுக்கொள்ளடி என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. என் வாழ்நாளில் வாய் வரைக்கும் வந்து நின்றுபோன வார்த்தைகள் குறைச்சல். அதில் இது ஒன்று. பிள்ளை பார்க்காமலே விரலைக் கண்டுபிடித்தது. அதன் பாரத்தில் நாற்காலி பெருமூச்சு விட்டுக்கொண்டு, இரண்டு பேர் தலையும் ஒரே உயரத்துக்கு வரும்வரை இறங்கியது.

மறுநாள் அத்தைக்காரி வந்தாள். நல்ல மனுஷிதான், கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. பிள்ளைக்கு வாங்கிய புதுச் சட்டையைக் கொடுத்தாள், தேநீர் குடித்தாள். பிள்ளை இங்கேயே இருக்கட்டும், லீவுக்கு லீவு அனுப்புகிறேன் என்று சின்னவள் சொன்னதும் முகம் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. இந்த இருட்டு அறையில் என்ன வளர்ப்பு என்றாள். சின்னவள் எதிர்த்துப் பேசவில்லை. பிளாஸ்டர் போட்ட கையால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விடவில்லை. அத்தைக்காரி அந்த இரண்டு கையையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். என் பெட்டி அடுக்காமலே மேலே வந்து சேர்ந்தது.

புது பாட்டில் வாங்கினார்கள். இந்தத் தடவை பாட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது, அதோடு பிரஷை எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம் வாண்டுக்குக் கொடுக்கப்பட்டது. வெள்ளையாகப் படிந்தது, ஊறியது, உரிந்தது. பொறுமைக்கென்று ஒரு பரிசு உண்டென்றால் அதைச் சின்னவளுக்குக் கொடுக்கலாம். ஒரு காலையில் விரலை வெளிச்சத்தில் காட்டினாள். மரு இருந்த இடத்தைத் தாண்டி விரலின் ரேகைகள் தடையில்லாமல் குறுக்கே ஓடின. ரேகை திரும்பிவிட்டால் அது போய்விட்டது என்று அர்த்தமாம், டாக்டரம்மா சொன்னார். வாண்டு அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தது. 

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த வெயில்காலத்தில் வாண்டின் மோதிர விரலில், கணுவுக்குப் பக்கத்தில், கடுகளவு ஒன்று எழும்பியது. சின்னவள் அன்றைக்கே டாக்டரம்மாவிடம் ஓடினாள். நானும் ஓடினேன். பிள்ளைகளுக்கு வருவது சகஜம், பலருக்கு ஒன்றும் செய்யாமலே ஒரு வருஷம், இரண்டு வருஷத்தில் தானாகப் போய்விடும், உடம்பே அதை அடையாளம் கண்டு விரட்டிவிடும், வலிக்காதவரை அவசரமில்லை, வேண்டுமென்றால் மருந்தும் போடலாம் என்றார். எது வேண்டும் என்று சின்னவள் பிள்ளையைக் கேட்டாள். பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. டாக்டரம்மா மருந்துச் சீட்டு எழுத எடுத்த பேனாவை மூடி வைத்தார்.

அப்புறம் பால்கனியிலிருந்து பார்த்தேன். தோள்பையின் வார் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. தெருவைக் கடக்கும்போது சின்னவள் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தும் விடவில்லை. அவளுடைய கட்டைவிரல் அந்த மோதிர விரல்மேல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அதே சொரசொரப்பு, அன்றைக்குத் துண்டில் சுற்றி உள்ளே வைத்தது. கண்ணுக்கு எட்டாத தூரம் போகும்வரை பார்த்தேன்.

போன வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். கண்ணை மூடிக்கொண்டேன். பிடரியில் கத்திரியின் குளிர்ச்சி மட்டும்தான். முக்காலியில் வாண்டு வீட்டுப்பாடம் எழுதுகிற சத்தம் கேட்டது. நடுவில் கத்திரி நின்றது. சின்னவள் ஒரு கையைக் கீழே தொங்கவிட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. பென்சில் சத்தமும் நின்றது. அந்த அமைதியில் பக்கத்து நாற்காலி நீளமாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு கீழே இறங்கியது.

"இதோ வரேன்" என்றாள் சின்னவள், காத்திருக்கிறவர்களுக்குச் சொல்கிற குரலில். "இவங்களை முடிச்சுட்டு வரேன்."

வாண்டு முக்காலியில் இருந்தது. கடையில் என்னைத் தவிர வேறு யாரும் வந்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தெரிந்திருக்கும். நான் கண்ணைத் திறக்கவில்லை.